பின்னாடி அழி

இன்று காலை உன் அரிசி டப்பாவைத் திறந்தேன். மழைக்காலத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அரிசிக்குள் புதைத்து வைப்பாயே, அதுதான். அரிசி வாடையோடு உன் பீடி வாடையும் வந்தது. லென்சின் துளையைத் திறந்து சுருக்கும் வளையம் இன்னும் 1.8-லேயே நிற்கிறது. உன் மனைவி என்னிடம் கொடுத்த நாளிலிருந்து நான் அதைத் திருப்பவில்லை.

ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைப் படமெடுத்துப் பிழைத்தோம் இருவரும். லென்சின் துளையை அகலத் திறந்தால் முன்னால் நிற்பவர் மட்டும் துல்லியமாக விழுவார், பின்னால் இருப்பதெல்லாம் கலங்கிப் போகும். நம் பாஷையில் அதற்குப் பெயர் ‘அழிக்கிறது’. துளையைச் சுருக்கினால் எல்லாமே தெளியும். எண் குறைந்தால் துளை பெரிதாகும் என்பது என் மண்டையில் ஏறவே வெகுநாள் ஆயிற்று. நீ “கொறை” என்றால் நான் துளையைக் குறைத்துத் தொலைப்பேன்.

“ஏலே பங்காளி, நம்பரைக் கொறைக்கச் சொன்னா ஓட்டையைக் கொறைக்கிற! குப்பைத்தொட்டி பாரு, மாப்பிள்ளை வீட்டு ஆளு கணக்கா நிக்கிது” என்று சிரிப்பாய்.

அன்று ஒரு புதுமணத் தம்பதி. உன் லென்சு என் கேமராவில் இருந்தது. பின்னால் ஒரு குதிரை குறுக்கே வர, அதை ஓட்டப் போனாய். அதற்குள் மூடுபனி இறங்கத் தொடங்கிவிட்டது. குதிரையின் கழுத்தைப் பிடித்தபடியே கத்தினாய்: “வெரசா எடுலே! கொறை, கொறை! பின்னாடி என்னையும் சேத்து அழிச்சிரு!”

அன்றைக்குப் பார்த்து நான் சரியாகச் செய்தேன்.

அதே வாரம், பேத்துப்பாறைக்கு நீ வீடு திரும்பும் வழியில் மண் சரிந்தது. உன் போனும் உன்னோடு போயிற்று. ஊரையே படமெடுத்தவன் நீ. உன்னை நிற்கச் சொன்னால் மட்டும் “சோலி கெடக்கு” என்று நழுவுவாய். மிஞ்சிய ஆதார் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுபோனேன். உன் மனைவி பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“இது யாரோ அண்ணே. அவுக சிரிக்கிற மாதிரி இருந்தாக் குடுங்க. புள்ளைக்குக் காட்டணும்ல.”

உன் மகள் அப்போது தொட்டிலில் கிடந்தாள். என்னிடம் இருந்தது அந்தக் குதிரைப் படம் ஒன்றுதான். மதுரை ஸ்டூடியோவில் தெளிய வைக்க முடியுமா என்று கேட்டேன். “கம்ப்யூட்டரு ஒரு மூஞ்சி போட்டுக் குடுக்கும்ணே. ஆனா அது அவரு மூஞ்சியா இருக்காது” என்றார்கள். கலங்கிய படத்தையே சட்டம் போட்டுக் கொடுத்தேன்.

போன மாதம் போயிருந்தபோது உன் மகள் நாற்காலியில் ஏறி, பாவாடை நுனியால் அந்தப் படத்தின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “மாமா, அப்பா மூஞ்சில அழுக்கு. தொடச்சாலும் போக மாட்டேங்குது” என்றாள்.

அதிலிருந்து நான் துளையைச் சுருக்கித்தான் எடுக்கிறேன். நேற்று ஒரு மாப்பிள்ளை சண்டைக்கே வந்துவிட்டார்: “என்னங்க, பின்னாடி சோளம் சுடுற அம்மால்லாம் தெரியுது?” அதனால்தான் இன்று உன் லென்சை மாட்டலாமென்று டப்பாவைத் திறந்தேன். முடியவில்லை பங்காளி, மறுபடி அரிசிக்குள்ளேயே வைத்து மூடிவிட்டேன். அந்த அம்மாவுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும்.