நாலு விரல் தாள்

18-1-1956
கடைக்கு இன்று ஒரு கட்டுப் பழைய தாள் வந்தது. ஏதோ பள்ளிக்கூடத்தில் கழித்தது. நடுவே எட்டாம் வகுப்பு அரசுப் பரீட்சையின் விஞ்ஞானக் கேள்வித்தாள்கள்! மார்ச்சில் நான் தனியாகப் பணம் கட்டி எழுதப்போவது இதே பரீட்சைதான்.

அத்தா ஏற்கெனவே கத்தரியை எடுத்துவிட்டார். பொட்டலம் சுற்றச் சதுரத் தாள் வேண்டும் என்று மேலே நாலு விரல் வெட்டிவிடுவார். வெட்டிய துண்டில் பெருங்காயம் மடிப்பார். வெட்டாதீங்க என்று சொல்ல நாக்கு எழுவதற்குள் கட்டு முழுவதும் முடிந்துவிட்டது. பிறகுதான் கேட்டேன். ஆறு தாள் கிடைத்தது.

மேலே இருந்தது பரீட்சையின் பெயரும் ஆண்டும்தானே. போகட்டும்.

20-1-1956
தாளுக்குப் பத்துக் கேள்வி. ஆறில் நான்கு தாள்களில் பிராணவாயு தயாரிப்பு. ஐந்தில் நெம்புகோல். நெம்புகோலுக்குக் கடைத் தராசையே படம் போடலாம்! அட்டையில்லாத என் பழைய பாடப் புத்தகத்தில் இந்தப் பக்கங்களை மட்டும் மடித்து வைத்தேன்.

3-2-1956
பரீட்சை இரண்டு மணி நேரம் என்று அத்தா கையெழுத்துப் போட்ட மனுவில் இருந்தது. வீட்டில் கடிகாரம் இல்லை. ஆனால் திருக்கழுக்குன்றத்தில் இருந்துகொண்டு அதற்கா கவலை? மலைக்கோயிலில் உச்சிவேளைக் கழுகு பார்க்க வருகிறவர்கள் ஏறி இறங்க இரண்டு மணி நேரம்; அவர்கள் மலையேறத் தொடங்கும்போது எழுத ஆரம்பித்தேன். அவர்கள் இறங்கி வரும்போது ஆறு முடித்து ஏழாவதில் இருந்தேன்.

ஆறரை. பத்துக்கு ஆறரை.

9-2-1956
நான் இன்னும் எழுதிப் பார்க்காத ஒரு தாளில் அத்தா மிளகாய் கட்டிப் பின் தெருக் காசியம்மாளுக்குக் கொடுத்துவிட்டார். போய்க் கேட்க வேண்டும். அவர்கள் வீட்டு வாசலை இரண்டு தரம் தாண்டிப் போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் அவர்களே பார்த்துவிட்டார்கள்.

"இன்னா பொண்ணு, குடுத்த காயிதத்தத் திருப்பிக் கேக்கற? நாளைக்கு மொளகாவையும் கேப்பியா?"

அவர்கள் மகள் வேண்டா – என் வயதுதான், ஐந்தாவதோடு நின்றவள் – தாளை உதறிக் கொடுத்தாள். "இதெல்லாம் உனுக்குத் தெரிமா ஷஹர்பானு?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். மிளகாய் நெடியில் கண்ணில் நீர். நல்லவேளை, அழுகிறேன் என்று யாரும் நினைக்கவில்லை.

22-2-1956
ஏழு.

6-3-1956
இன்றும் ஏழு. விரல் வீங்கியதுதான் மிச்சம். எல்லாரும் பத்தும் எழுதுவார்கள், நான் மட்டும் ஏழில் நிற்பேன். நாலு வருஷமாக வீட்டில் இருந்தவளுக்கு எதற்கு இந்த ஆசை? அத்தா முதலிலேயே சொல்லிவிட்டார்: "ஒரு தரம் எழுது. தவறினா அப்பால கேக்கக் கூடாது." தேறினால் வாத்தியாரம்மா பயிற்சிக்கு மனுப் போடலாம். இல்லாவிட்டால் இந்த வீடு, பிறகு இன்னொரு வீடு.

சோறு போடும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன், எழுதப் போகலம்மா என்று.

"ஏழு எழுதினா ஏழுக்கு மார்க்கு போடமாட்டாங்களா? முழுசாத் துன்ன முடிலன்னு சோத்தையே வேணான்றியா?"

அத்தா சாப்பிட்டுக்கொண்டே, "எழுதாமயே தோக்கறதுக்கா நானு கையெழுத்துப் போட்டேன்?" என்றார். அவ்வளவுதான். அவர் கோபமாகச் சொல்லவில்லை.

7-3-1956
ஏழே முக்கால்!

23-3-1956
அத்தாவோடு பஸ்ஸில் செங்கல்பட்டு. முதல் நாளே விஞ்ஞானம்.

கேள்வித்தாள் வந்தது. வெட்டாத தாளை இன்றுதான் பார்க்கிறேன். மேலே பரீட்சையின் பெயர், ஆண்டு, நேரம். அதற்குக் கீழே ஒரு வரி:

'எவையேனும் ஆறு வினாக்களுக்கு மட்டும் விடை எழுதுக.'

மூன்று தரம் படித்தேன். ஏழாவது வரையில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பலகையில் எழுதிப்போடுவார், எல்லாவற்றுக்கும் எழுதுவோம். இப்படி ஒன்று உண்டென்று எனக்கு யார் சொல்வார்கள்? நம்ப முடியவில்லை. எழுந்து நின்றேன் – நான்தான், நானேதான் – "ஆறு போதுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"அதான் போட்டிருக்கே, படிக்கலையா?"

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். பிராணவாயு, நெம்புகோல், மலேரியாக் கொசு... வேண்டியதைப் பொறுக்கி எடுத்தேன், கடையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி. கண்ணின் படம் வரையச் சொன்ன கேள்வியை விட்டேன். ஆறும் முடிந்தபோது எங்கள் ஊரில் கழுகு பார்க்கிறவர்கள் இன்னும் மலைமேல்தான் இருந்திருப்பார்கள். உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பிப் படித்தேன்.

பஸ்ஸில் அத்தாவிடம் சொன்னேன். கையிலிருந்த டிக்கெட்டைப் பொட்டலம்போல மடித்தார். பிறகு, "அந்தத் துண்ட நாந்தானே வெட்டினேன்?"

"ஆமாம் அத்தா."

ஊர் வரும்வரை எனக்குச் சிரிப்பை அடக்குவதே வேலையாக இருந்தது.

11-6-1956
தேறிவிட்டேன். விஞ்ஞானத்தில்தான் அதிகம். பயிற்சிப் பள்ளி மனுவில் அத்தா பச்சை மையில் கையெழுத்துப் போட்டார், நீலம் தீர்ந்துவிட்டதாம்.

சாயங்காலம் வேண்டா வந்தாள். "அந்த மொளகாக் காயிதம் இன்னும் கீதா?" என்றாள். ஆறு தாளையும் கொடுத்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் 'எவையேனும் ஆறு' என்று எழுதித்தான் கொடுத்தேன்.

அவளை அனுப்பிவிட்டுக் கடைப்பக்கம் போனேன். பள்ளிக்கூடத் தாள் புதிதாக ஒரு கட்டு வந்திருந்தது. அதை வெட்டாமல் மேல் தட்டில் வைத்துவிட்டு, அத்தா பெருங்காயத்தைச் செய்தித்தாளில் மடித்துக்கொண்டிருந்தார்.