ஏழரை மணித் தொடரின் பார்வையாளர்

மார்ச் 4, திங்கள்

மாலை வகுப்பில் மறுபடி சண்டை. நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு முன்னோட்டம் எடுக்க வேண்டும். பாத்திரங்கள் யார், பார்க்கப்போகிறவர்கள் யார் என்று முதலில் முடிவு செய்ய வேண்டுமாம். தாடிக்காரன் "காலேஜ் பசங்க" என்கிறான். கண்ணாடிக்காரியும் தலையாட்டுகிறாள். இருவர் வயதையும் கூட்டினாலும் என் வயது வராது. தொடர் பார்ப்பது யாரென்று எனக்குத் தெரியாதா? தினமும் ஏழரைக்கு என் மனைவி பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறாள்.

"அங்கிள், நீங்க லிஃப்ட் ரிப்பேர் பண்ணவரு. இது வேற" என்றான் தாடிக்காரன்.

அந்த வேலையையும் நானாகத்தான் கற்றேன். எவனும் சொல்லித்தரவில்லை. விடமாட்டேன்.

மார்ச் 6, புதன்

விடவில்லை. பார்வையாளர்: ஐம்பது வயதைத் தாண்டிய குடும்பத்தலைவிகள். குறிப்பையும் நானே எழுதினேன். "பொழுது போகாதவர். எதையும் நம்புவார். விளம்பரம் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். வில்லியைத் திட்டிக்கொண்டே வெங்காயம் உரிப்பார்."

கண்ணாடிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "செம அங்கிள். யாரப் பாத்து எழுதினீங்க?"

சொல்லவில்லை. ஆனால் வீடு வரும்வரை நடையே வேறு மாதிரி இருந்தது.

மார்ச் 11, திங்கள்

வில்லி மாமியார் படுக்கையில் கிடந்தபடி மகனையும் மருமகளையும் மிரட்டுகிறாள். அந்த வசனத்தோடு முன்னோட்டம் உறைந்து நிற்க வேண்டும். நான் கொடுத்தேன்: "நான் செத்துக் கிடந்தாலும் 'சாப்பாடு எங்கே'ன்னுதான் மொதல்ல கேப்பீங்க."

தாடிக்காரனே கை கொடுத்தான். எங்கே பிடித்தீர்கள் என்றான். தானாக வந்தது என்றேன்.

மார்ச் 14, வியாழன்

படப்பிடிப்பு முடிந்தது. திங்களன்று சோதனைக் காட்சி. பார்வையாளர்களை நாங்களே அழைத்து வர வேண்டும். மனைவியையும் மாடிவீட்டு அம்மாவையும் கூப்பிட்டேன்.

"நான் எதுக்குங்க அங்க? எனக்கென்ன தெரியும்?"

"உன்ன மாதிரி ஆளுங்களுக்குத்தான் எடுக்கறோம்."

நல்ல துணியாக எடுத்துத் தேய்த்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 18, திங்கள்

எழுத முடியவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும். நேற்று முன்னோட்டத்துக்கு முன்னால் ஆசிரியை என் குறிப்பைத் திரையில் போட்டார். போடுவார் என்று நான் நினைக்கவே இல்லை. மனைவி ஒவ்வொரு சொல்லாக உதடு அசையப் படித்தாள். "இது நம்மளத்தான் சொல்றாங்களா?" என்று மாடிவீட்டு அம்மா அவளை இடித்துச் சிரித்தார். அவள் வெங்காயம் வரை படித்துவிட்டுப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பிறகு அந்த வசனம். அறையே சிரித்தது.

அது அவளுடைய வார்த்தை. அறுவை சிகிச்சை முடிந்து அவள் வீட்டுக்கு வந்த அன்று, அடுக்களையில் நின்று நான் கேட்டதற்கு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அவள் சொன்ன பதில். வகுப்புப் பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது கை தானாகப் போய்விட்டது — அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

பஸ்ஸில், "நம்ம பேர எங்கயும் போடலியே" என்றேன். என்ன சமாதானம் அது?

"பேரு வேற வேணுமாங்க?" என்றாள்.

மார்ச் 21, வியாழன்

ஏழரை ஆகியும் டிவி போடவில்லை. "ஆரம்பிச்சிருக்குமே" என்றேன்.

"எழுந்திருக்கவே மாட்டேன்னு எழுதியிருந்தீங்க. இதோ எழுந்துட்டேன்." உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 22, வெள்ளி

தொடரில் வருவதெல்லாம் யார் வீட்டிலோ நடந்ததுதானே? இந்த வயதில் படிக்கப் போனதே பெரிது, இதில் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டு — இல்ல. என்ன எழுதிட்டிருக்கேன் நான். அவ ஊருக்கா சொன்னா? என்கிட்ட சொன்னா. என்கிட்ட மட்டும்.

மார்ச் 25, திங்கள்

வசனத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"ட்ரெய்லரே அதுலதான் நிக்குது அங்கிள்," என்றான் தாடிக்காரன்.

"அது என்னோடது இல்லப்பா."

"அப்ப யாரோடது?"

சொன்னேன். என்னைப் பார்க்காமல் இருவரும் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரி அந்த இடத்தை வெட்டினாள். முன்னோட்டம் இப்போது நொண்டியடிக்கிறது. மதிப்பெண் குறையும், குறையட்டும்.

ஆசிரியை பார்வையாளர் குறிப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஒருத்தர்கிட்டயாவது நேர்ல கேட்டீங்களா, சார்?" புதிதாக எழுத வேண்டும்.

மார்ச் 27, புதன்

பென்சிலும் தாளுமாக அவள் எதிரே உட்கார்ந்தேன். அவளே, "என்ன?" என்றாள்.

"வகுப்புக்கு ஒரு கேள்வி. நீ எதுக்காகத் தொடர் பாக்கற?"

"இத்தன வருஷத்துக்கு அப்புறமா?"

"ம்."

"தாளக் கீழ வைங்க" என்றாள். வைத்தேன். பென்சிலையும் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

பிறகு சொன்னாள். இரண்டு இடத்தில் எனக்குப் பதில் நுனி நாக்கு வரை வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டேன்.

நாளை பார்வையாளர் குறிப்பு எழுத வேண்டிய பகுதியை வெற்றிடமாகவே கொடுக்கப்போகிறேன். அவள் சொன்னதை இங்கேயும் எழுதவில்லை.