பரிசோதனை அறையின் கதவைச் சாத்திவைக்கக் கோரி

அனுப்புநர்:
பெண்களுக்குத் துணி தைக்கும் அம்மா,
மாடிப்படிக்குக் கீழுள்ள கடை,
மருத்துவமனைக்குப் பின்தெரு.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: மார்பகப் பரிசோதனையின்போது எனக்கு நேர்ந்த தலைகுனிவு குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற செவ்வாய்க்கிழமை அங்கே இருந்தவர்கள்: பெண் டாக்டர், வாசல் மேசையில் பதிவு எழுதும் தம்பி, வெளிக்கூடத்தில் ஏணிமேல் நின்று மின்விசிறி மாட்டியவர், பெஞ்சில் என் சம்பந்தியம்மா, அவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர். ஒருவரையும் மறக்கவில்லை.

2. இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டதால் வந்தேன். எழுதவே கை கூசுகிறது. மேலே துணியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. விசிறிக்காரர் ஏணியிலேயே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், நன்றாயிருக்கட்டும். என் கடையில் அளவெடுக்கக்கூடத் திரை போடுகிறேன் ஐயா.

3. நாற்பது வயதில் எனக்குக் கர்ப்பப்பை எடுத்ததைச் சொன்னேன். டாக்டரம்மா மெதுவாகத்தான் பேசினார். "சினைப்பை ரெண்டையும் அப்பவே எடுத்திருந்தா மார்புல புத்துநோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் குறையும்மா. ஆனா வரவே வராதுன்னு இல்ல. கர்ப்பப்பை மட்டும்னா அந்தக் கணக்கு வேற" என்றார். உடனே வாசல் தம்பி, "பாட்டிம்மா, சினைப்பை இருக்கா, அதுவும் போச்சா?" என்று கூடமே கேட்கக் கத்தினார்.

4. ஊரார் அளவெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவள், என் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விழித்தேன். பெஞ்சிலிருந்து என் வீட்டுக்காரர், "ரெண்டு பக்கமும் எடுத்தாச்சு தம்பி, அன்னைக்கே எங்கிட்ட சொன்னாங்க" என்றார். "அப்படியா சம்பந்தி, மூச்சே விடலியே" என்றார் சம்பந்தியம்மா. அவர் தைக்கத் துணி கொண்டுவரட்டும், அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

5. அறுவைசிகிச்சைக்குப் பிறகு வருஷக்கணக்கில் உடம்பு அனலாய் எரிந்தது, தூக்கமில்லை. "உனக்குக் கோபம் தலைக்கேறிப் போச்சு" என்றுதான் வீட்டில் சொன்னார்கள். நானும் என் குணம்தான் கெட்டது என்று வெட்கப்பட்டே காலம் தள்ளினேன். சினைப்பை போனதால் வந்த எரிச்சல் அது என்று இப்போதுதான் புரிகிறது.

6. அன்று கூனிக்குறுகி, மார்பகப் படம் எடுக்காமலே வந்துவிட்டேன். கட்டி அப்படியே இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. அந்த வாசலைத் தனியே மிதிக்கக் கால் வரவில்லை.

ஆகவே, கதவைச் சாத்திப் படம் எடுக்க எனக்கு ஒரு நாள் ஒதுக்கித் தர வேண்டுகிறேன். எடுத்தது என்ன, இனி என்ன செய்வது என்பதை டாக்டரம்மா என் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். பெண்ணின் உடம்பைப் பற்றிய கேள்விக்குப் பெஞ்சில் இருப்பவரிடம் பதில் வாங்கக் கூடாது என்று அந்தத் தம்பிக்கும் சொல்லிவையுங்கள். சின்னப் பிள்ளை, தண்டிக்க வேண்டாம்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: என் கடை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தையல்கடை அம்மா (என் கையெழுத்து)

குறிப்பு: மற்ற எல்லாரையும் மன்னித்துவிடுவேன். எல்லாம் தெரிந்தும் என் உடம்பை என்னிடமே மறைத்தவரை மன்னிக்க மாட்டேன். உறையை ஒட்டித்தான் கொடுத்தனுப்புகிறேன். இதைத் தங்கள் கையில் தந்துவிட்டு எதிரே நிற்கிறாரே, என் வீட்டுக்காரர், அவரைத்தான்.