ஒடியற் கூழும் இரண்டு பத்தியமும்

என்ரை குஞ்சு,

அம்மா கொழும்பில் சுகம். நெடுந்தீவில் நீயும் சின்னம்மாவும் சுகமென்று இரண்டு வரி எழுதினால் எனக்கு நித்திரை வரும். சாப்பிடுகிறேனோ என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். இந்த முறை சொல்ல ஒரு புதினம் இருக்கிறது.

நான் சமைக்கிற வீட்டு ஐயாவும் அவருடைய மனைவி சறோஜினி அக்காவும் உடம்பு மெலியப் போட்டிக்குப் பத்தியம் இருக்கிறார்கள். அக்கா சோறும் தின்பார், இறைச்சியும் தின்பார்; ஒரே வேளையில் இரண்டையும் சேர்க்கமாட்டார். ஐயா சோறு, பாண், சீனி ஒன்றும் தொடுவதில்லை. முட்டையும் இறைச்சியும் பட்டரும்தான். ஐயா கெதியாய் மெலிந்துவிட்டார், ஆனால் எல்லோரிலும் எரிந்து விழுகிறார். அக்கா மெல்லத்தான் மெலிகிறார், முகத்தில் சிரிப்பு இருக்கிறது.

நேற்று நீ அனுப்பிய பனங்கிழங்கு ஒடியல் மாவில் நண்டு, மீன், பலாக்கொட்டை போட்டு எனக்கென்று ஒரு சட்டி கூழ் காய்ச்சினேன். வாசத்துக்கு இரண்டு பேரும் குசினிக்கே வந்துவிட்டார்கள்.

"எனக்கு மா வேண்டாம். நண்டை மட்டும் தாரும்," என்றார் ஐயா.

"நண்டை அவருக்குக் குடும். எனக்கு மாத்தண்ணி மட்டும் காணும்," என்றார் அக்கா.

"கூழைப் பிரிக்க ஏலாது அக்கா," என்றேன்.

இரண்டு பேரும் கோப்பையை வழித்துக் குடித்தார்கள். நானும் இரண்டு கோப்பை குடித்தேன், குஞ்சு. அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு எனக்குப் பசித்தது நேற்றுத்தான்.

கந்தப்பு மாமா கொழும்புக்கு வரக் குறிகட்டுவான் துறைக்கு வள்ளம் ஏற முந்தி, அவரிட்டை இன்னும் கொஞ்சம் மா குடுத்துவிடு. அப்பா இடுப்பில் உடுத்த பழைய சாரம் ஒன்றும் வை, போர்த்துப் படுக்க.

ஐயா கூப்பிடுகிறார். தான் இல்லாமல் நான் இப்படி ருசித்துச் சாப்பிட்டதற்கு அப்பா கோபிப்பாரோ, குஞ்சு?