கிருத்திகையன்று முட்டை பப்ஸ்

திருச்செங்கோடு
14.9.2025

அகல்யாவுக்கு,

நலம். உன் அப்பாவிடம் போனில் பேசினால் என் வாய் நீளும். அதனால் தரகர் தண்டாயுதபாணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை உன்னைப் பெண் பார்க்க வந்தோம். வீட்டில் சுட்ட பலகாரம் ஒன்றுகூட இல்லை. பேக்கரி பப்ஸ்! அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் கிருத்திகை விரதக்காரி. கடித்தால் உள்ளே அரை முட்டை. உன் அப்பாவோ பெருமையாக, "நம்ம பண்ணை முட்டைதானுங்க, அந்தப் பேக்கரிக்கு நாமதான் போடறோம்" என்கிறார். கோழிப்பண்ணைக்காரர்களுக்கு முட்டையும் கத்தரிக்காயும் ஒன்றுதான் போலிருக்கிறது.

என் மகன் சபரிநாதனுக்கு உன்னைப் பிடித்திருக்கிறதாம். அவன் வெள்ளந்தி, யாரைத்தான் பிடிக்காது? முதலில் எழுத்தில் மன்னிப்புக் கேள்.

சென்னியம்மாள்

நாமக்கல்
17.9.2025

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். தப்பு எங்களுடையதுதான். அப்பா காலண்டரைப் பார்க்கவில்லை. பண்ணையிலேயே வளர்ந்த எங்களுக்கு முட்டை அசைவம் என்பதே சில நாள் மறந்துபோகிறது. மன்னித்துவிடுங்கள். எனக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. ஒரு பப்ஸால் இந்தச் சம்பந்தம் கெட வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். கடித்ததுமே தெரிந்துவிட்டதென்றால், உங்கள் தட்டு ஏன் காலியாக வந்தது?

அகல்யா

திருச்செங்கோடு
20.9.2025

அகல்யாவுக்கு,

மன்னிப்புக் கேட்கும் கடிதத்திலேயே கேள்வியா? வந்த வீட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்றுதான் விழுங்கித் தொலைத்தேன். அந்த மரியாதையெல்லாம் உனக்கு எங்கே தெரியப்போகிறது.

போகட்டும். 28ஆம் தேதி ஞாயிறன்று இங்கே வந்து, எங்கள் பங்காளிகள் முன்னால் உன் கையால் கச்சாயப் பலகாரம் சுட்டுக் காட்டு. வேலைக்குப் போவதையும் விட்டுவிடு. அப்புறம் நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாம். சபரியிடம் சொன்னேன். "நீங்க சொன்னா சரிங்கம்மா" என்றுவிட்டான்.

சென்னியம்மாள்

நாமக்கல்
23.9.2025

சென்னியம்மாள் அவர்களுக்கு,

கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. விரதம் கெட்டது கெட்டதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் வரப்போவதில்லை. அதற்கடுத்து எந்தக் கிழமையும் வரமாட்டேன்.

அன்று நான் தட்டை நீட்டியபோது, உங்கள் மகன் பப்ஸைக் கையில் எடுத்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினார். "சாப்பிடட்டுங்களாம்மா?" என்று கேட்டார். நீங்கள் தலையாட்டிய பிறகுதான் கடித்தார். கூச்ச சுபாவம் என்று நினைத்து ரசித்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. முப்பத்திரண்டு வயதில் ஒரு பப்ஸுக்கு உத்தரவு கேட்கிறவர், என் வேலைக்காக உங்களிடம் என்ன பேசிவிடப் போகிறார்?

தரகரிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன். உருளைக்கிழங்கு பப்ஸ். கிருத்திகைக்கும் ஆகும். சபரிநாதனிடம் சாப்பிடலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பாவம், கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அகல்யா