தட்டிக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு

2-3-58, ஞாயிறு

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. கிணற்று வாளிக்குப் புதுக் கயிறு வாங்கினேன். சாயந்திரம் செல்லத்தோடு சினிமாக் கொட்டகைக்கு, முதல் ஆட்டம். வழக்கம்போல நான் ஆண்கள் பக்கம், என் பெண்டாட்டி தட்டிக்கு அந்தப் பக்கம்.

படம் குப்பை. அதிலும் அந்தக் குண்டன். புருஷனாக வருகிறான், குழம்பை மோந்து பார்க்கிறான், அதிகாரம் பண்ணுகிறான், வழுக்கி விழுகிறான். இதெல்லாம் நகைச்சுவையாம். பெண்கள் பக்கம் ஒருத்தி கொட்டகையே அதிரச் சிரித்தாள். யார் இந்த வெட்கங்கெட்டவள் என்று நினைத்தேன். மறுபடி சிரித்தபோது கூடவே இருமல் வந்தது. செல்லத்தின் இருமல்.

கல்யாணமாகி ஆறு வருஷம். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

3-3, திங்கள்

கிட்டங்கியில் அடுக்கிய புகையிலை மூட்டைகளின் நெடி. ஓயாத தும்மல். மத்தியானம் சோற்று நேரத்தில், கூட வேலை பார்க்கும் காதரோடு சண்டை. குண்டன்தான் பெரிய ஆள் என்கிறான். எனக்குப் பிடித்த சிரிப்பு நடிகன் ஒல்லியைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேச்சு.

"மாப்ளே, ஒல்லி பேசுனா யோசிச்சுல்ல சிரிக்கணும். சிரிப்பு வாரதுக்குள்ள படம் முடிஞ்சு போகுது."

யோசிக்க மூளை வேண்டும் என்றேன்.

"மூள உள்ளவன் இந்தக் கிட்டங்கிக்கு எதுக்கு வாரான்?"

நாலு பேர் சிரித்தார்கள். சோறு இறங்கவில்லை.

ஒல்லி அடி வாங்க மாட்டான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சும்மா நிற்பான், அந்தச் சும்மாவில்தான் எல்லாம். குண்டன் விழுவான். பிறகு? திரும்ப விழுவான். இது தெரியாத முட்டாள்களோடு காலம் தள்ளுகிறேன்.

4-3, செவ்வாய்

இன்னும் ஆறவில்லை. சாப்பிடும்போது ஒல்லியின் வசனம் ஒன்றைச் செல்லத்திடம் சொல்லிக் காட்டினேன். நல்ல வசனம். நடுவில் நிறுத்தி, சரியாகத்தான் சொன்னேன்.

"ம். ரசம் ஊத்தவா?"

பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்படி என்ன சிரிப்பு என்று கேட்டே விட்டேன். ரசச் சட்டியை மூடி வைத்தாள். பிறகு:

"அவென் விழுந்ததுக்குச் சிரிக்கல. அவென் வீட்டுக்குள்ள வாரப்ப எல்லாரும் வாய மூடிக்கிட்டு ஆளுக்கொரு வேலயப் பாக்குறாகள்ல, அதுக்குத்தான்."

"அதுல என்ன சிரிப்பு?"

"ஒங்களுக்குத் தெரியாது."

இனிமேல் கொட்டகை கிடையாது என்று சொல்லிவிட்டேன். சரி என்றாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

6-3, வியாழன்

காற்றே இல்லை. வீட்டில் பேச்சும் இல்லை. கத்திரிக்காயில் உப்புக் கூட. சொன்னேன். சொன்ன பிறகு குண்டன் ஞாபகம் வந்து தொலைத்தது. அவனை யார் நடிக்கக் கூப்பிட்டார்கள்?

7-3, வெள்ளி

முதலாளி வேடசந்தூர் போய்விட்டார். மூன்று மணிக்கே கிட்டங்கி மூடியாயிற்று. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சிரிப்பு. செல்லமும் எதிர்வீட்டு ராக்கம்மாளும். செல்லம் ஆண் குரலில் பேசுகிறாள்.

"வெஞ்சனத்துல உப்புக் கூட. நாஞ் சொன்னா எவ கேக்குறா?"

அப்புறம் ஒரு கனைப்பு. என் கனைப்பு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் உதறுவது போலவே உதறினாள்.

"ஆத்தாடி, போதும்டி. வயிறு வலிக்குது" என்றாள் ராக்கம்மாள்.

 ஆறு வருஷம் சோறு போட்டவனை எதிர்வீட்டுக்காரி முன்னால் இப்படியா? ஆனால் பொய் எழுத முடியாது. உப்பைச் சொல்லிவிட்டுக் கனைப்பதற்கு முன் ஒரு நொடி நிறுத்தினாள் பார், நான் அப்படித்தான் நிறுத்துகிறேன். எனக்கே சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உள்ளே போனேன். ராக்கம்மாள் கொல்லை வழியாகப் போய்விட்டாள். செல்லம் துண்டை மடித்துக் கொடியில் போட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"வெள்ளனவே வந்துட்டீக. காப்பி போடவா?"

போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள். இன்னொரு தடவை செய்து காட்டு என்று கேட்க வாயைத் திறந்தேன். சீனி போதவில்லை என்று சொன்னேன்.