நாலு தந்தி வாத்தியம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
12.02.2024

மதிப்புக்குரிய மச்சான் தம்பிராசாவுக்கு,

யோகலிங்கம் எழுதுவது. தயாளினி முன்பு இருந்தது போலத்தான் இருக்கிறாள். வலது கை மடியிலேயே கிடக்கிறது. சாப்பிடுகிறாள். நான் பிடித்தால் குசினி வரைக்கும் நடக்கிறாள். பேச்சு மட்டும் வரவில்லை. உங்கள் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. தங்கச்சி பாரிசவாதத்தில் விழுந்து ஒன்றரை வருடமாகியும் லண்டனிலிருந்து ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்காத அண்ணனை என்னவென்று விசாரிப்பது?

போனை ஏன் நிறுத்தினேன் என்று இனி ஆள் விட்டுக் கேட்க வேண்டாம். ஞாயிறுதோறும் நீங்கள் அதில் அழுதீர்கள். பதில் சொல்ல வாய் வராமல் இவள் இங்கே அழுதாள். உங்கள் அழுகை போனை வைத்ததும் முடிந்துவிடும். இவளுடையதைத் துடைத்தவன் நான். எழுத விரும்பினால் கடிதம் எழுதுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற நிப்லா என்றொரு பிள்ளை, கிண்ணியாக்காரி. பேச்சுப் போனவர்களுக்குப் பாட்டு சிலவேளை போகாமல் மிஞ்சியிருக்குமாம். "அங்கிள், நீங்க முந்தி கிற்றார் வாசிக்கிறதாமே, ஒருக்கா வாசிச்சுப் பாருங்களேன்" என்றாள். கையைக் காட்டினேன். துறைமுக இழுவைப் படகில் கயிறு நசுக்கிய இரண்டு விரலும் மடங்காது. ஆறு இரும்புத் தந்தியை இந்தக் கையால் அமத்த ஏலாது. தன்னுடைய சின்ன யுகலேலியைத் தந்தாள், கிற்றாரின் குட்டி போல ஒன்று. அதன் சுதி வேறு. எழுபத்தொரு வயதில் விரல் வைக்கும் இடங்களைப் புதிதாகப் படிக்க மாட்டேன். பழையதையே எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

நானே தேடிப் பார்த்தேன். பரிட்டோன் யுகலேலி என்று ஒன்று உண்டு. அந்த இனத்தில் பெரியது. நாலு நைலோன் தந்தி. கிற்றாரின் மெல்லிய நாலு தந்திக்கும் இதற்கும் சுதி ஒன்று. எனக்குத் தெரிந்த பிடியே போதும், மிச்ச இரண்டு விரலால் சமாளிக்கலாம். இங்கேயும் கொழும்பிலும் கேட்டாயிற்று, சின்னதுதான் கிடைக்கிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன். இதை உதவியாகவும் கேட்கவில்லை. உங்கள் தங்கச்சிக்கு.

ஒட்டுப்பலகையில் செய்ததாக இருக்கட்டும். முழுப் பலகைதான் உயர்வு என்று கடைக்காரன் சொல்வான். அவன் யன்னலுக்கு வெளியே உப்புக் காற்று இல்லை. தந்தி முறுக்கும் சாவிகள் பல்லுச் சக்கரம் வைத்தவையாக வேண்டும். பஞ்சு வைத்த பை, தோள்பட்டி, மேலதிகமாக ஒரு கட்டுத் தந்தி. சுதி பார்க்கும் கிளிப் வேண்டாம். எனக்குக் காது இருக்கிறது.

இப்படிக்கு,
சி. யோகலிங்கம்


ஈஸ்ட்ஹாம், லண்டன்.
05.03.2024

அன்பு மச்சான் யோகன்,

உமது கடிதம் கிடைத்தது. ஏச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தால் கடிதம் நல்லாய்த்தான் இருக்கிறது. தயா குசினி வரைக்கும் நடக்கிறாள் என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

கடைக்குப் போனேன். ஒரு வெள்ளைக்காரி இருந்தாள். "இது யாருக்கு, பேரப்பிள்ளைக்கா?" என்றாள். "இல்லை, துறைமுகத்தில் வேலை செய்த ஒரு கிழட்டுப் பிடிவாதக்காரனுக்கு" என்றேன். முழுப் பலகை ஒன்றைத்தான் முதலில் எடுத்துத் தந்தாள், நீர் சொன்னபடியே. வேண்டாம் என்று ஒட்டுப்பலகை மஹோகனியில் நாலைந்து பார்த்தேன். ஒன்றில் தந்தி பலகையை விட்டு அதிகம் எழும்பி நின்றது, உமது விரலுக்கு ஆகாது. ஒன்றில் சின்ன யுகலேலியின் சுதித் தந்தியைக் கட்டி வைத்திருந்தார்கள். பிழை பிடித்துக் கழற்றச் சொன்னேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. தந்தி தாழ்ந்து படுத்திருக்கிறது. மடியில் வைத்துக் கொஞ்சம் வாசித்தேன். கடைக்காரி வேறு ஆளைக் கவனிக்கப் போய்த் திரும்பி வரும் வரைக்கும் வாசித்தேன்.

இங்கே இருக்கிற கிண்ணியா அஷ்பாக் நோன்புக்கு ஊருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். நீர் கேட்ட எல்லாம் பைக்குள் இருக்கும். கிளிப்பும் இருக்கும். காது உமக்கு, கிளிப் என் நிம்மதிக்கு. ஒன்று மட்டும் சொல்கிறேன், கேளும். சத்தம் காணாதென்று அதில் இரும்புத் தந்தியைக் கட்டிவிடாதேயும். அதன் உடம்பு அந்த இழுவையைத் தாங்காது.

நான் வராததற்கு ஏசும். உமக்கு அந்த உரிமை உண்டு.

தயாவின் தலையை ஒருக்கால் தடவிவிடும்.

உமது மச்சான்,
தம்பிராசா


திருகோணமலை.
22.04.2024

மச்சான் அவர்களுக்கு,

அஷ்பாக் கொண்டுவந்து தந்தார். பை நல்லது. தோள்பட்டியின் நிறம் கலியாண வீட்டுச் சீலை போல இருக்கிறது, இதைப் போட்டுக்கொண்டு நான் வெளியில் போக முடியாது. கிளிப்பை நிப்லாவிடம் கொடுத்துவிட்டேன். புதுத் தந்தி முறுக்க முறுக்க இறங்கியது. ஒரு கிழமைக்குப் பிறகுதான் நின்றது. இதைக் கடையில் சொல்லியிருக்க வேண்டும், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் மச்சான், அவள் பாடினாள்.

பின்னேரம், கோதுமை மா ஆலைக்குக் கப்பல் உள்ளே வருகிற நேரம். யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். எந்தப் பாட்டும் எடுக்காமல் சும்மா மூன்று பிடியை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று வாய் திறந்தாள். "மூதூர் லோஞ்சு வெளிக்கிடுது, முன்னுக்கு ஓடி ஏறு." சொல் சொல்லாக, சுதி பிசகாமல். நான் கையை நிறுத்தியதும் அவளும் நின்றாள். தொடங்கியதும் தொடங்கினாள். இந்த வாய் எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லாத வாய்.

அந்தப் பாட்டு எங்கே இருந்து வந்தது? நான் எத்தனையோ பாட்டு வாசித்திருக்கிறேன், அவளும் கூடப் பாடியிருக்கிறாள். இது அதில் இல்லை. நிப்லாவுக்கும் தெரியவில்லை.

பாட்டு முடிந்தபின் என்னைப் பார்த்து ஒரு சொல்லும் சொன்னாள். பாட்டுக்கு வெளியே வந்த முதல் சொல். அது என்னவென்று எழுத வேண்டிய அவசியம் இல்லை.

இப்படிக்கு,
சி. யோகலிங்கம்


லண்டன்.
17.05.2024

அன்பு யோகன்,

அது என்னுடைய பாட்டு. எந்தப் படத்திலும் இல்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எங்கள் அம்மாவின் ஆட்கள் கட்டைபறிச்சானில். லீவுக்குப் போவதென்றால் குடாவைக் கடக்க மூதூர் லோஞ்சில் ஏற வேண்டும். தயாவுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். லோஞ்சைக் கண்டாலே என் காலைக் கட்டிப்பிடித்துக் குளறுவாள். பயம் தெளிவதற்குக் கட்டிய பாட்டு அது. பிறகு பயம் போய்விட்டது, பாட்டுப் போகவில்லை. ஒவ்வொரு பின்னேரமும், "அண்ணை, லோஞ்சுப் பாட்டு" என்று வந்து குந்துவாள்.

ஏன் இப்போது வந்ததென்றும் எனக்குத் தெரியும். என்னுடைய கிற்றாரில் தடித்த தந்தி இரண்டும் அறுந்து போயிருந்தன. ஊரில் வாங்கக் கிடைக்கவில்லை. மிச்சம் நாலு நைலோன் தந்தியோடுதான் வருடக் கணக்காக வாசித்தேன். அடியில் முழக்கம் இல்லாத அந்தச் சத்தத்தில்தான் அவள் வளர்ந்தாள். பிறகு நீர் ஆறு தந்தியோடு பெண் பார்க்க வந்தீர். உமக்கு முன்னால் வாசிக்க வெட்கப்பட்டு நான் விட்டுவிட்டேன்.

அந்தக் கடையில் இதை மடியில் வைத்துத் தட்டியபோது எனக்கும் அவள் பக்கத்தில் குந்தியிருப்பது போலத்தான் இருந்தது.

என்ன சொன்னாள் யோகன்? எழுதும்.

தம்பிராசா


திருகோணமலை.
02.07.2024

மச்சான்,

எழுதக் கூடாதென்றுதான் இருந்தேன். "அண்ணை" என்றாள்.

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் அவளுக்குச் சோறு தீத்துகிறேன், குளிக்க வார்க்கிறேன், பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வாத்தியத்தை எடுத்தால் முகம் மலர்ந்து "அண்ணை" என்கிறாள். ஒவ்வொரு நாளும் அதேதான். நான் தூக்கி நடத்துகிறேன், நீங்கள் அவள் வாயில் வந்து போகிறீர்கள்.

அது அண்ணை இல்லை, நான்தான் என்று எப்படிக் காட்டுவது? என்னுடைய கிற்றாரின் சத்தம் கேட்டால் என்னைத் தெரியும் என்று நினைத்தேன். இரும்புத் தந்தி கட்ட வேண்டாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. நீங்கள் சொன்னீர்கள் என்பதாலேயே கட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு இரும்புத் தந்தி வாங்கிக் கட்டி முறுக்கினேன். சுதி வந்தது. கொஞ்ச நேரம் என்னுடைய சத்தமே வந்தது. அவள் தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், கண்டேன், பொய் இல்லை. அதற்குள் தந்தி கட்டியிருந்த கட்டை, வெடி வெடித்தது போலக் கழன்று பறந்தது. அவள் இடது கையால் தலையைப் பொத்திக்கொண்டு கதிரையில் சுருண்டுவிட்டாள். இந்த ஊரில் எங்கள் வயதுக்காரருக்கு வெடிச் சத்தம் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து பாட்டும் இல்லை, அந்தச் சொல்லும் இல்லை. நிப்லா தன்னுடையதைக் கொண்டுவந்து வாசித்துப் பார்த்தாள். திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டில் என் சட்டியின் சத்தமும் கப்பலின் சத்தமும்தான்.

உடைந்ததைத் தச்சு வேலை அலியாரிடம் கொடுத்திருக்கிறேன். ஒட்டினாலும் பழைய மாதிரி வருமா என்று அவரே சந்தேகப்படுகிறார். இனி என்னால் ஒன்றும் ஏலாது. அவள் கேட்கிற ஆள் நீங்கள். கௌரவம் பார்க்காமல் எழுதுகிறேன், ஆவணியில் வாருங்கள். விமான நிலையத்துக்கு நானே வருவேன். ஏச மாட்டேன்.

யோகலிங்கம்


லண்டன்.
24.07.2024

அன்பு யோகன்,

என்னால் வர ஏலாது.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருடமாகிறது. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரத்தோடு படுத்திருக்கிறேன். தயா விழுந்த கிழமை டிக்கெற் போட்டேன், டொக்டர் மறித்துவிட்டார். இதயமும் சரியில்லை, விமானத்தில் ஏற்றவே மாட்டோம் என்கிறார்கள். பேச ஏலாத தங்கச்சிக்கு இதை எப்படிச் சொல்வது? உமக்குச் சொன்னால் உம்முடைய முகத்திலேயே அவள் கண்டுபிடித்துவிடுவாள். வராதவன் என்று நீர் ஏசுவது அதைவிட நல்லதென்று நினைத்தேன்.

வாத்தியம் உடைந்ததற்குக் கவலைப்படாதேயும். அலியார் ஒட்டியபின் அவசரப்படாமல் காயவிட்டு, பையில் இருக்கும் நைலோன் தந்தியைக் கட்டும். சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். நீர் மாட்டேன் என்பீர், தெரியும். அவள் அண்ணை என்றால், ஓம் என்று பதில் சொல்லும். நான் வந்து சொல்ல வேண்டியது. எனக்காக நீர் சொல்லும்.

தம்பிராசா


உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
08.09.2024

அன்புள்ள மச்சான்,

உங்கள் கடிதத்தைக் குசினியில் நின்று வாசித்தேன், அவள் என் முகத்தைப் பார்க்காமல் இருக்க. நான் எழுதியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். இயந்திரத்தோடு படுத்திருக்கிற மனிசன் கடையில் நின்று தந்தி தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்ததை நினைக்க எனக்குக் கோபம்தான் வருகிறது.

அலியார் ஒட்டித் தந்தார். ஒட்டிய இடம் தடித்திருக்கிறது, சத்தம் கொஞ்சம் மங்கல். நேற்றுப் பின்னேரம் அவளுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தேன். வெகு நேரம் ஒன்றுமில்லை. வைத்துவிடுவோம் என்று நினைக்கும்போது மெல்லமாக லோஞ்சுப் பாட்டு வந்தது. முடித்தாள். என்னைப் பார்த்தாள். "அண்ணை" என்றாள்.

நான் சொல்லப் போவதில்லை என்ற தீர்மானத்தோடுதான் இருந்தேன். நான் அவள் புருசன். அவள் பார்த்த பார்வையில், "ஓம் தங்கச்சி" என்று வந்துவிட்டது.

இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாசல் பக்கம் பார்த்தாள். வாய் கோணியது, கண்ணில் நீர் வந்தது. ஒரு சொல்லுக்கு அவள் படுகிற பாட்டைக் காணக் கூடாது மச்சான். கடைசியில் சொன்னாள்.

"அவர்... வரேல்லை."

கலியாணம் செய்த நாளிலிருந்து என் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. எங்களுக்குள் 'இஞ்சருங்கோ', மற்றவர்களிடம் 'அவர்'. படகு பிந்துகிற நாட்களில் எத்தனை மணிக்கு நான் வந்தாலும், "வந்திட்டீங்களோ" என்றுகூடக் கேட்க மாட்டாள், சாப்பாட்டுக் கோப்பையை வைப்பாள். வழி பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறாள்.

நான்தான் அவர் என்று சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பிடித்த கையை அவள் விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"வருவார் தங்கச்சி. இப்ப வந்திடுவார்" என்றேன்.

தலையாட்டினாள். கதவைக் காட்டினாள். எழும்பிப் போய்த் திறந்து வைத்தேன். திறந்துவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். இருட்டும் வரைக்கும் இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் மச்சான்,
யோகலிங்கம்